உபகாரமா, சம்பளமா?

‘உபகாரச் சம்பளம்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் இன்றைக்கும் கண்ணில் படும். இன்னார் மகன் உபகாரச் சம்பளம் பெற்றுச் சீமைக்குப் படிக்கப் போகிறான், கப்பலேறும் தினம் இன்னது என்று நாலு வரி போட்டிருப்பார்கள். இப்போது அதை ‘உதவித்தொகை’ என்கிறோம். புது வார்த்தை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வார்த்தையில் ஒரு சூட்சுமம் உண்டு. உபகாரம் என்பது பதிலுக்கு ஒன்றும் கேளாமல் செய்வது. சம்பளம் என்பது வேலை வாங்கிக்கொண்டு கொடுப்பது. இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டவர் யாரோ, அவர் நிச்சயமாக ஓர் உபகாரச் சம்பளத்தை வாங்கி அனுபவப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்!

இந்த வருஷம் பங்குனி மாதத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும் வேலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

என் அக்காள் மகளுக்கு இருபத்தாறு வயது. நாமகிரிப்பேட்டையில் பிறந்து, ராசிபுரத்தில் பள்ளிக்கூடம் போய், சென்னையில் பொருளாதாரம் படித்தவள். பிறகு மூன்று வருஷமாகச் சென்னையிலேயே ஒரு தொண்டு நிறுவனத்தில் உத்தியோகம். கிராமம் கிராமமாகப் போய் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி நடக்கின்றன என்று கணக்கெடுக்கிற வேலை. அவளுக்குப் ‘பொதுக் கொள்கை’ என்னும் மேல்படிப்புக்கு ஒன்றல்ல, மூன்று இடங்களில் இடம் கிடைத்துவிட்டது. நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலை, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, மூன்றாவது, பெங்களூரில் ஒரு சர்வகலாசாலை.

தபால்காரர் உறையைக் கொண்டு வந்து திண்ணையில் வைத்த காலமெல்லாம் போயிற்று. கைப்பேசிக்குள் ஓசையில்லாமல் வந்து விழுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று! அக்காள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு எனக்கு டெலிபோன் செய்தாள்.

“நீ பத்திரிகையில இருக்கறவ. நாலு எடம் பார்த்தவ. வந்து எது நல்லதுன்னு சொல்லிட்டுப் போ” என்றாள்.

பத்திரிகைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நாம் ஏன் கெடுப்பானேன் என்று நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலம் ரயிலில் ஏறினேன்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. சங்கீதம் கேட்கிறவர்களுக்கு நாமகிரிப்பேட்டை என்றால் கிருஷ்ணனின் நாதஸ்வரம். சமையல் செய்கிறவர்களுக்கு மஞ்சள். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். தை, மாசியில் வந்தால் வெட்டிய மஞ்சளை வேகவைக்கிற வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து உங்களை வரவேற்கும். செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டுறவுச் சங்கத்தில் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்று தினுசாகப் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்தில்தான் ஒரு குடும்பத்தின் பத்து மாசப் பாடு அடங்கியிருக்கிறது.

வீட்டில் நான் கால் வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அதென்ன படிப்பு? இவ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல. டாக்டருக்கா, வக்கீலுக்கா?” என்பதுதான்.

அக்காள் மகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “அம்மாயி, நீங்க ராசிபுரத்துக்கு டவுன் பஸ்ஸுல காசு குடுக்காமப் போறீங்கல்ல? அப்படிப் போகலாம்னு யாரு முடிவு பண்ணினாங்க? அந்தக் காசை யாரு குடுக்கறாங்க? அதனால யாருக்கு என்ன நல்லது, எங்க நஷ்டம்? அதையெல்லாம் கணக்குப் போட்டுப் படிக்கிற படிப்பு.”

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். “ஓசிப் பொம்பளைங்க நிக்கறாங்கன்னு வண்டிய நிறுத்தாமப் போறானே டிரைவரு, அதையும் படிப்பியா கண்ணு?”

“அதைத்தான் மொதல்ல படிக்கணும் அம்மாயி!”

பெரிய பெரிய புரொபஸர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2021 மே மாதத்தில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று உத்தரவானது ஒரு கொள்கை. வண்டியை நிறுத்தாமல் போவது அந்தக் கொள்கையில் விழுந்த ஓட்டை. 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது கொள்கை. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது அதன் நீட்சி. அரிசி எங்கிருந்து வருகிறது, அண்டாவைக் கழுவ யார் இருக்கிறார்கள், குழந்தை கடைசியில் சாப்பிட்டதா என்பது வரைக்கும் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு.

பெயர் புதிதாகத் தெரிகிறதே ஒழிய, படிப்பு புதிதல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1936-லேயே இதற்கென்று ஒரு பள்ளி ஏற்படுத்திவிட்டது. பின்னால் அதற்குக் கென்னடி பெயர் வைத்தார்கள். நம் சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். சிங்கப்பூரில் லீ குவான் யூ பெயரில் 2004-ல் ஒரு பள்ளி. ஆக்ஸ்ஃபோர்டு மட்டும் ஆற அமர யோசித்து 2010-ல்தான் தனிப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. பெங்களூரில் மானேஜ்மெண்ட் கல்விக் கழகம் 2002-லும், தேசியச் சட்டப் பள்ளி 2014-லும் இதில் இறங்கின.

சரி, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதில் ஏன் இத்தனை ஆசை? அதற்குக் காரணமும் அந்த ஏலக் களம்தான். 2010-ம் வருஷம் மஞ்சள் குவிண்டால் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டிப் போயிற்று. அந்தப் பணத்தில்தான் என் அப்பா இப்போதைய வீட்டைக் கட்டினார். மாடிக்குப் படி வைத்து, ‘மாடி அடுத்த வெள்ளாமைக்கு’ என்று விட்டு வைத்தார். இரண்டே வருஷத்தில் விலை நாலாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே மண், அதே கிழங்கு, அதே உழைப்பு! மாடி வரவேயில்லை. படி மட்டும் இன்றும் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிறது. அப்போது பதின்மூன்று வயதாயிருந்த பேத்தி, “ஏன் தாத்தா வெலை எறங்குச்சு?” என்று கேட்டாள். அவரால் சொல்ல முடியவில்லை. நிஜாமாபாத்தில் எவ்வளவு நட்டார்கள், சாங்கிலியில் எவ்வளவு இருப்பு, முன்பேர வர்த்தகத்தில் யார் எந்த விலைக்குப் பேசி வைத்தார்கள் என்பதெல்லாம் நாமகிரிப்பேட்டைத் திண்ணைக்கு எப்படித் தெரியும்? 2025-ல், சரியாகப் பொங்கல் தினத்தன்று, மத்திய சர்க்கார் தேசிய மஞ்சள் வாரியம் என்று ஒன்றை நிஜாமாபாத்தில் ஆரம்பித்தது. ‘அந்த வாரியத்தில் உட்கார்ந்து பேச எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேண்டாமா?’ என்று கேட்டுத்தான் அவள் தன் மனுவில் கட்டுரை எழுதியிருந்தாள். அதைப் படித்துத்தான் மூன்று இடத்திலும் இடம் கொடுத்தார்கள்.

இனி பணத்துக்கு வருவோம்.

கொலம்பியாவில் இரண்டு வருஷப் படிப்பு. ‘உங்கள் திறமையை மெச்சிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். அக்காளுக்கு அந்த வரி மனப்பாடம். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்து போனாள். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே வருஷம். இடம் உண்டு, பணம் இல்லை. கட்டணம் மட்டுமே ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல். ஆனால் பிரிட்டிஷ் சர்க்கார் 1983-லிருந்து வழங்கி வரும் செவ்னிங் உபகாரச் சம்பளத்துக்கும் அவள் மனுச் செய்து, நேர்முகம் முடித்துக் காத்திருந்தாள். கிடைத்தால் கட்டணம், சாப்பாடு, விமானச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடிவு தெரிவது ஜூன் மாதம். பெங்களூரிலோ கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அங்கே இரண்டு வருஷத்துக்கும் ஆகிற மொத்தச் செலவு, நியூயார்க் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஜூன் வரைக்கும் காத்திருக்கலாமே என்பீர்கள். நியூயார்க்குக்கு ஏப்ரல் மத்தியில் பதில் சொல்ல வேண்டும், முன்பணமும் கட்ட வேண்டும். பெங்களூரும் அப்படியே. கல்யாணப் பெண்ணுக்கு மூன்று வரன் வந்து, நமக்குப் பிடித்த வரனின் ஜாதகம் மட்டும் இரண்டு மாசம் கழித்து வரும் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

ஆடித் தள்ளுபடியில் புடவை வாங்கிய அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டல்லவா? கடைக்காரன் எவ்வளவு தள்ளினான் என்பதில் மயங்கி நிற்போம். வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போதுதான் எவ்வளவு கொடுத்தோம் என்பது உறைக்கும். மூன்றில் ஒரு பங்கு போக நியூயார்க்குக்கு வேண்டிய மீதி, ஒரு கோடி ரூபாய்க்கும் மேலே இருந்தது.

அக்காள் வீட்டுக்காரர் பாங்கில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு மூன்று ஏக்கர் மஞ்சள் பூமி இருக்கிறது. ஆனால் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தைப் பாங்குகள் பொதுவாக ஈடாக ஏற்பதில்லை. 2002-ம் வருஷம் வந்த ஒரு சட்டப்படி, கடன் திரும்பாவிட்டால் பாங்க் கோர்ட்டுப் படி ஏறாமலே ஈட்டுச் சொத்தை விற்றுக்கொள்ளலாம். விவசாய நிலத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே, ‘பூமி வேண்டாம், வீட்டைக் காட்டுங்கள்’ என்கிறார்கள். எங்கள் வீட்டோடு, ராசிபுரத்தில் மாமா வாங்கிப் போட்டிருக்கும் மனையையும் சேர்த்துக் காட்டினால் பார்க்கலாம் என்று பாங்கில் சொன்னார்களாம்.

வீடு யாருடையது? அப்பா உயில் எழுதி வைக்கவில்லை. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அம்மாவுக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் சம பங்கு. அதாவது, ஈடு வைக்க என் கையெழுத்தும் வேண்டும். எது நல்ல படிப்பு என்று ஆலோசனை கேட்கக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு ரயிலேறி வந்தவளுக்கு, விஷயம் இப்போதுதான் விளங்கிற்று.

அம்மா தயங்கவேயில்லை. பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து ஊஞ்சலில் வைத்துவிட்டாள். “நான் என்ன தலையில தூக்கிட்டா போகப் போறேன்? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க” என்றாள். அறுபத்தெட்டு வயதில் தனியாக இருக்கிறவள். அவளுக்கு இருப்பது அந்த நாலு சுவர்தான். அவள் தயங்கியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தயங்காததுதான் வயிற்றைக் கலக்கிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து, இந்தத் தேசத்தில் உபகாரச் சம்பளம் வாங்கிப் போனவர்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன்.

முதலில் நம் பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். 1914-ல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அவர் கப்பலேறுமுன் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? அதில் 50 பவுனைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது. கணித மேதையின் கணக்குகளிலேயே எனக்குப் புரிந்த ஒரே கணக்கு இதுதான். ஒரு பிள்ளை படிக்கப் போனால் செலவு மட்டும் கூடுவதில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வரவும் நின்றுபோகிறது. எங்கள் பெண் மாதம் எட்டாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மூன்று கடிதத்தில் எதிலுமே அந்த எட்டாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்தது ஜாம்ஷெட்ஜி டாட்டா. 1892-ல் அவர் அயல்நாட்டுப் படிப்புக்கென்று ஒரு நிதி வைத்தார். அதில் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு பேரும் பெண்கள்: பிரெனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்ற இரண்டு டாக்டர்கள். அந்தக் காலத்தில்! ஆனால் டாட்டா கொடுத்தது தானமல்ல, கடன். சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டுகிற பணத்தில் அடுத்த பிள்ளை படிக்கும். உபகாரம் என்ற பேச்சே இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அன்று என் மனசில் நெடுநேரம் நின்றவர் அம்பேத்கர்தான். எங்கள் பெண்ணுக்கு இடம் கொடுத்த அதே கொலம்பியாவுக்கு, 1913-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவின் உபகாரச் சம்பளத்தில் அவர் போனார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று வருஷத்துக்கு. பதிலுக்கு, படித்துத் திரும்பியதும் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அங்கே அவர் படித்ததும் ஏறக்குறைய இந்தப் படிப்புத்தான்: சர்க்கார் கஜானா, வரி, மாகாணங்களின் வரவு செலவு. 1917-ல் உபகாரச் சம்பளம் முடிந்து, லண்டனில் படிப்பு பாதியில் நிற்க, திரும்பி வந்து ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கொடுப்பாரில்லை. ஜாதியைச் சொல்லாமல் ஒரு பார்ஸி விடுதியில் தங்கினார். அது தெரிந்து தடியும் கையுமாகக் கூட்டம் வந்து நின்றது. வெளியேறினார். மகாராஜாவின் மனசு நல்ல மனசுதான். ஆனால் ஒப்பந்தத்தில் ‘பத்து வருஷம் வேலை’ என்று எழுதியவர்கள், ‘குடியிருக்க ஒரு வீடு’ என்று எழுதவில்லையே! பிறகு அவர் பம்பாயில் காலேஜில் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்து, சிநேகிதரிடம் கடன் வாங்கி, கோல்ஹாபூர் மகாராஜா உதவியும் சேர, 1920-ல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

இப்போது கேளுங்கள். பரோடா கேட்டது பத்து வருஷம். செவ்னிங்காரர்கள் கேட்பது, படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது. 1950-ல் நம் தேசத்துக்கு வந்த ஃபுல்பிரைட்டிலும் அதே இரண்டு வருஷ நிபந்தனை உண்டு. நியூயார்க் கடிதத்தில் அப்படி நிபந்தனை எதுவும் கிடையாது. “பார்த்தியா, நமக்கு எந்தக் கட்டும் இல்ல. படிச்சு முடிச்சு எங்க வேணும்னாலும் இருக்கலாம்” என்று அக்காள் அதைத்தான் பெரிதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அக்காள் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளும் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“சித்தி, ஒரு கோடி ரூபாய் கடன். பத்து சதவிகிதம் வட்டி. பதினைந்து வருஷம். மாசம் எவ்வளவு கட்டணும்னு போட்டேன்” என்றாள். மாதம் ரூ.1,07,000. மொத்தம் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே தொண்ணூற்று மூன்று லட்சம். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டி தனி.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். “குவிண்டால் பன்னெண்டாயிரம்னு வெச்சுக்கிட்டா?” என்றாள், தலை நிமிராமலே.

“மாசம் ஒன்பது குவிண்டால் அம்மாயி. வருஷத்துக்கு நூத்தியெட்டு.”

“அஞ்சு ஏக்கர் வெள்ளாமை” என்று அம்மா சொல்லிவிட்டு, அடுத்த காயை எடுத்தாள். ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து குவிண்டால் கண்டாலே பெரிய மகசூல். எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர். கூலி, உரம், வேகவைக்கிற செலவு ஒன்றையும் கழிக்காமலே அம்மா போட்ட கணக்கு அது.

“மாசம் ஒரு லட்சத்து ஏழாயிரம் கட்டணும்னா நான் அமெரிக்காவிலதான் வேலை செய்யணும் சித்தி. அதுவும் மஞ்சளைப் பத்தி இல்ல, கூடச் சம்பளம் குடுக்கற கம்பெனி வேலை. திரும்பி வந்தா, நான் செய்யணும்னு நினைக்கிற வேலைக்கு இங்க யாரும் அவ்வளவு தரமாட்டாங்க. அப்ப நான் எதுக்கு இதைப் படிக்கறேன்?”

எனக்குப் பளிச்சென்றது. நிபந்தனையே இல்லாத கடிதம் என்று அக்காள் கொண்டாடினாளே, அதில்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய நிபந்தனை இருந்தது. மகாராஜா பத்து வருஷம் கேட்டார், பாங்க் பதினைந்து வருஷம் கேட்கிறது. மகாராஜாவின் ஒப்பந்தம் பரோடாவுக்குத் திரும்பி வா என்றது. இந்த ஒப்பந்தம் திரும்பி வராதே என்கிறது. செவ்னிங்கின் இரண்டு வருஷமோ, ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறவளுக்குக் கட்டே அல்ல. அவள் எப்படியும் செய்யப் போகிற காரியம். ஆக, கொடுக்கிற தொகையை வைத்து எது உபகாரம், எது சம்பளம் என்று பிரிக்க முடியாது. வாங்குகிறவள் எங்கே போக நினைக்கிறாள் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலேயே வேலை பார்க்க நினைக்கும் பெண்ணுக்கு இதே நியூயார்க் கடிதம் தங்கமான கடிதமாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு வேறு கணக்கு.

அக்காள் சுலபத்தில் விடவில்லை. “கொலம்பியான்னா உலகத்துக்கே தெரியும். பெங்களூரு, பஸ்ஸுல ஏறினா சாயங்காலம் போய்ச் சேர்ற ஊரு. அதுக்கா இத்தனை பாடு பட்டா?” என்று கண் கலங்கினாள். அவள் துக்கத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். பிளஸ் டூவோடு அவளை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். நான் காலேஜுக்குப் போனேன். தனக்குக் கிடைக்காததெல்லாம் மகளுக்கு மொத்தமாக, பெரிதாக, ஊரே பார்க்கும்படி கிடைக்க வேண்டும் என்று அவள் நினைத்தால் அதில் என்ன தப்பு? நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

மாமாவின் கவலை வேறு. “படிச்சு முடிச்சு வர்றப்ப இருபத்தெட்டு ஆயிடும். அப்புறம் மாப்பிள்ளை…” என்று இழுத்தார். அதற்கு மட்டும் என்னிடம் ஒரு கதை இருந்தது. ஜானகி அம்மாள் என்று ஒரு தாவர சாஸ்திரி. தலைச்சேரிக்காரர், படித்ததும் சொல்லிக் கொடுத்ததும் சென்னையில். நூறு வருஷத்துக்கு முன்னால், ஆசியப் பெண்களுக்கென்றே அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை கொடுத்து வந்த பார்பர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. வீட்டில் கல்யாணப் பேச்சும் நடந்தது. அவர் உபகாரச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். 1931-ல் டாக்டர் பட்டத்தோடு வந்தவர், பின்னால் நம் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். “கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலை” என்பதையும் நான் வாய் தவறாமல் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு அந்தக் கதை அவ்வளவாக ருசிக்கவில்லை!

சாயங்காலம் அவள் நியூயார்க்குக்கு நன்றி தெரிவித்து, வர இயலாது என்று எழுதினாள். அனுப்புகிற பொத்தானை அழுத்துமுன் அரைமணி நேரம் கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அக்காள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெங்களூருக்கு முன்பணம் கட்டினோம். தள்ளுபடியும் அவள் சேமிப்பும் போக, ஐந்து லட்ச ரூபாய்தான் கடன் தேவைப்பட்டது. ஏழரை லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பது வழக்கமில்லை. மாமா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அந்த எட்டாயிரத்தில் பாதியை இரண்டு வருஷத்துக்கு நான் அனுப்புவதாகச் சொன்னேன். “நீ எதுக்கு?” என்றாள் அக்காள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பத்திரம் திரும்ப பீரோவுக்குப் போயிற்று. அம்மா அதைப் பழைய பட்டுப் புடவைக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போதுதான் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஜூன் மாதம் செவ்னிங்கிலிருந்து பதில் வந்தது. கிடைத்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியல்! யாராவது வேண்டாமென்றால் கூப்பிடுவார்களாம். கூப்பிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு இடம் அத்தோடு போயிற்று. அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் விதை மஞ்சள் நடவுக்குப் பாட்டியோடு காட்டுக்குப் போய்விட்டு வந்து, பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் செவ்னிங்குக்கு மறுபடி மனுச் செய்வாளா என்று கேட்டேன். “மொதல்ல இந்த ஊரு ஹாஸ்டல் சாப்பாட்டைப் பார்க்கிறேன் சித்தி” என்றாள்.

பெங்களூரிலிருந்து இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் டெலிபோன் வருகிறது. போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை, “உங்க பேத்தி அப்படி என்னதான் படிக்கறா?” என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு ஏன் நிக்காமப் போவுதுன்னு படிக்கறா. ரெண்டு வருஷத்துல வந்து சொல்லுவா” என்றாள் அம்மா.